தண்ணி விடாத ஃப்ரூட் சாலட்: கத்திரி வெயிலுக்குப் பழமும் பச்சிலையும்

எங்கள் பக்கம் ஃப்ரூட் சாலட் என்றால் ரெண்டே ரெண்டு வகைதான். ஜூஸ் கடையில் கேட்டால் கண்ணாடிக் கிண்ணத்தில் பொடியாக நறுக்கிய பழம், மேலே ஒரு உருண்டை வெனிலா ஐஸ்கிரீம், அதன் தலையில் சிவப்பாக ஒரு செர்ரி. கல்யாண வீட்டில் கேட்டால் மஞ்சள் கஸ்டர்டில் மிதக்கும் வாழைப்பழம். ரெண்டும் எனக்குப் பிடிக்கும், சண்டையில்லை. ஆனால் மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு, வடசென்னைத் தண்டையார்பேட்டையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற வீட்டில், கஸ்டர்ட் தொண்டைக்குள் இறங்காது. அந்த நேரத்துக்கு வேண்டியது வேறு. குளிர்ந்த பழம், கொஞ்சம் புளிப்பு, ஒரு கிள்ளு உப்பு, கிள்ளிப் போட்ட பச்சிலை. பாலும் வேண்டாம், ஐஸ்கிரீமும் வேண்டாம்.

இதை முதல் தடவை செய்தபோது சொதப்பினேன். வீட்டில் ஒரு காதுகுத்து, இருபது பேர். காலை பத்து மணிக்கே எல்லாப் பழத்தையும் வெட்டி, உப்பு, எலுமிச்சை, சர்க்கரை, புதினா எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பெரிய பாத்திரத்தில் மூடி வைத்துவிட்டு நிம்மதியாகப் புடவை மாற்றப் போய்விட்டேன். ஒரு மணிக்குத் திறந்தால் பாதிப் பாத்திரம் சிவப்புத் தண்ணீர். அதில் துணி ஊறப் போட்ட மாதிரி தர்பூசணி, கறுத்துப்போன புதினா. பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பழரசம்னு முன்னாடியே சொல்லியிருந்தா டம்ளர் எடுத்தாந்திருப்பேனேடி" என்றார்.

அதற்கப்புறம் நாலு கோடை போயிருக்கிறது. இப்போது எனக்குத் தெரிவது இதுதான்: இந்த சாலட்டைக் கெடுப்பது தண்ணீர். பழத்துக்குள் இருக்கிற தண்ணீர், கழுவும்போது ஒட்டிக்கொள்கிற தண்ணீர், இலையில் தங்குகிற தண்ணீர், உருகுகிற ஐஸ் தண்ணீர். லாரி எப்போ வரும் என்று குடத்தோடு காத்திருந்த தெருவில் வளர்ந்துவிட்டு, தண்ணீரைத் துரத்துவது பற்றி எழுதுகிறேன், அது ஒரு வேடிக்கைதான். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் அந்தத் தண்ணீரைப் பழத்துக்குள்ளேயே நிறுத்தி வைக்கத்தான்.

என்னென்ன, எவ்வளவு

ஆறு பேர் வயிறாரச் சாப்பிட:

தர்பூசணி – தோல் நீக்கி 600 கிராம்
கிர்ணிப்பழம் – தோல் நீக்கி 300 கிராம்
பழுத்தும் கெட்டியாக இருக்கிற மாம்பழம் – பெரிதாக 1
நுங்கு – 6 கண்
வெள்ளரிக்காய் – நடுத்தரம் 1, அல்லது பிஞ்சு 3
மாதுளை முத்து – ஒரு கைப்பிடி
புதினா – 30 இலை
திருநீற்றுப் பச்சிலை – 10 இலை
கொத்தமல்லி – நாலைந்து காம்பு, இலையோடு
எலுமிச்சம்பழம் – 2
தேன் அல்லது பொடித்த பனங்கற்கண்டு – 1 மேசைக்கரண்டி
இஞ்சிச் சாறு – அரை தேக்கரண்டி
பச்சை மிளகாய் – 1
வறுத்துப் பொடித்த சீரகம், ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு – தலா கால் தேக்கரண்டி
சர்க்கரை – 1 தேக்கரண்டி, இலை நசுக்க மட்டும்
உப்பு – ரெண்டு கிள்ளு, கடைசியில்
சப்ஜா விதை – 1 தேக்கரண்டி, விருப்பப்பட்டால்

எடை பார்த்து பயப்பட வேண்டாம். பழத்தில் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் ஒன்றும் ஆகாது. எலுமிச்சையையும் உப்பையும் மட்டும் கண்ணால் போடாதீர்கள்.

பழம் வாங்குவது

கொத்தவால்சாவடி மொத்த மார்க்கெட் 1996இல் கோயம்பேட்டுக்குப் போகும் வரை எங்கள் அப்பா நடந்துபோய்ப் பழம் வாங்கி வருவார். இப்போது எனக்கு தண்டையார்பேட்டை மார்க்கெட், இல்லையென்றால் ராயபுரம் கல்மண்டபம். அதுவும் இல்லையென்றால் தெருமுனையில் குவித்து வைத்திருக்கும் வண்டி. எங்கே வாங்கினாலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்.

தர்பூசணியைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எந்தச் சத்தத்தைத் தேடுகிறோம் என்று தெரியாது. நானும் அப்படித்தான் இருந்தேன். வண்டிக்கார அக்காதான் ஒருநாள், "இன்னாக்கா தட்டிக்கினே கீற, தூக்கிப் பாரு" என்றார். ஒரே அளவில் ரெண்டு பழத்தைக் கைக்கு ஒன்றாகத் தூக்குங்கள். எது கனமோ அது. அடுத்து அடியைப் பாருங்கள். மண்ணில் படுத்திருந்த இடம் வெண்ணெய் மாதிரி மஞ்சளாக இருந்தால் கொடியிலேயே பழுத்தது. வெள்ளையாக இருந்தால் அவசரப்பட்டுப் பறித்தது. உள்ளே நடுவில் வெடிப்பு இருந்தால் மருந்து ஊசி போட்டது என்று வாட்ஸப்பில் வரும். அது பழம் வளரும்போது உண்டாகும் கோளாறு, சாப்பிடலாம். சாயம் பற்றிச் சந்தேகம் இருந்தால் முழுப் பழமாக வாங்கி வீட்டில் வெட்டுங்கள். வெட்டின இடத்தில் பஞ்சை லேசாக ஒற்றிப் பார்த்தால் பளீரென்று சிவப்பு ஏறுகிறதா என்று தெரியும். பழத்தின் சதை ஒட்டிக்கொள்வதையும் சாயம் ஏறுவதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சாலட்டுக்கு என்னுடைய விருப்பம், கரும்பச்சைத் தோலோடு நீளவாக்கில் வருகிற சின்ன ரகம். சதை கெட்டியாக இருக்கும், வெட்டினால் ஓரம் நிற்கும், முழுசாக ஃப்ரிட்ஜுக்குள்ளும் போகும்.

கிர்ணியை மோந்துதான் வாங்க வேண்டும். காம்புக்கு எதிர்ப்பக்கம் மூக்கை வையுங்கள். வாசனை வந்தால் எடுங்கள். வாசனையே இல்லாத கிர்ணி வெறும் மஞ்சள் வெள்ளரிக்காய். வாசனை பிய்த்துக்கொண்டு அடித்தால் சாலட்டுக்கு ஆகாது, குழைந்துவிடும், ஜூஸ் போட்டுவிடுங்கள்.

மாம்பழத்தில் எது வேண்டுமானாலும் போடலாம் என்று நினைக்காதீர்கள். நார் ஓடுகிற ரகமும் சாறு ஒழுகுகிற ரகமும் இதற்கு வேண்டாம். பங்கனப்பள்ளி சரியாக நிற்கும். ஜூன் பக்கம் ருமானி வரும்போது அதைப் போட்டுப் பாருங்கள். உருண்டையாக, ஆப்பிள் மாதிரி, மெல்லிய தோலோடு இருக்கும். எனக்குப் பங்கனப்பள்ளியைவிட அதுதான் பிடிக்கும். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை. எத்திலீன் வாயு மட்டும் அளவோடு அனுமதி. ஆனாலும் குவியல் முழுக்க ஒரே மாதிரி மஞ்சள், கிட்டே போனால் வாசனையே இல்லை என்றால் நான் அடுத்த கடைக்குப் போய்விடுவேன். வாங்கி வந்ததும் அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்தால் காம்புப் பால் போகும்.

நுங்கு அன்றைக்கு வெட்டி அன்றைக்கே சாப்பிட வேண்டிய சாமான். கண்ணை விரலால் அழுத்தினால் கன்னம் மாதிரி உள்வாங்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் முற்றல். தோலைக் கட்டாயம் உரியுங்கள், துவர்ப்பு அதில்தான் இருக்கிறது. உரிக்கும்போதே உள்ளேயிருக்கும் தண்ணீர் தெறிக்கும். கீழே ஒரு கிண்ணம் வைத்து அதைப் பிடித்து, சமைக்கிற ஆள் குடித்துவிட வேண்டும். சாலட்டில் ஊற்றாதீர்கள்.

வெள்ளரியில் காம்புப் பக்கம்தான் கசப்பு சேர்ந்திருக்கும். ஒரு விரல் அகலம் வெட்டி எறிந்துவிட்டு, ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். ஒரு கசப்பு வெள்ளரி மொத்தக் கிண்ணத்தையும் காலி செய்துவிடும், எனக்கு நடந்திருக்கிறது.

சேர்க்கக் கூடாதவை: வாழைப்பழம் அரை மணியில் கறுத்துக் குழையும். சப்போட்டா மண் மாதிரி கரையும். பப்பாளி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இலை வாசனையை அமுக்கிவிடும். அன்னாசி சேர்க்கலாம், சாப்பிடுவதற்குச் சற்று முன்னால் மட்டும். அதிலுள்ள நொதி புரதத்தை உடைக்கும். அன்னாசியைப் பச்சையாகத் தயிரோடோ ஐஸ்கிரீமோடோ ஊற வைத்தால் கசப்பது அதனால்தான்.

இலைகள்

பழத்தை யார் வேண்டுமானாலும் வெட்டலாம். இந்த சாலட்டுக்குப் பேர் வாங்கித் தருவது இலை. அதனால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

புதினா. மார்க்கெட்டில் கட்டு வாங்கும்போது காம்பு பச்சையாக இருப்பதைப் பாருங்கள். பழுப்புக் காம்பு என்றால் இலை கரகரப்பாக இருக்கும். வேரோடு கிடைத்தால் ரெண்டு குச்சியை எடுத்து வையுங்கள். கீழே இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரத்தில் வேர் விடும். பழைய பெயின்ட் வாளியில் ஓட்டை போட்டு நட்டால் வீட்டுக்குப் போதும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் குடியிருக்கிறவர்கள் தொட்டியைக் கடல் பார்த்த சுவரில் வைக்காதீர்கள். உப்புக் காற்று இலையின் ஓரத்தைக் கருக்கிவிடும்.

திருநீற்றுப் பச்சிலை. இதைத்தான் ஹோட்டல்காரர்கள் பேசில் என்று சொல்லி பீட்சா மேல் போடுகிறார்கள். நம் ஊரில் மாலையில் கட்டுகிற பச்சிலை இதன் சொந்தக்காரன்தான், துளசிக்கும் உறவு. துளசியைவிட இலை பெரிசு, வழவழப்பு, காரம் குறைவு. லேசாகக் கிராம்பும் சோம்பும் கலந்த மாதிரி வாசனை. பூக்கடையில் வாங்கிச் சாப்பாட்டில் போடாதீர்கள். மாலைக்கு வளர்த்த இலைக்கு என்ன மருந்து தெளித்தார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதைவிட நல்ல வழி இருக்கிறது. ஃபலூடாவில் போடும் சப்ஜா விதை இருக்கிறதே, அது இந்தச் செடியின் விதைதான். பாரிமுனைப் பக்கம் ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடையில் ஒரு சின்னப் பொட்டலம் வாங்கினால் பாதியைக் குடிக்கலாம், பாதியை விதைக்கலாம். மண்ணில் தூவி, மேலே சன்னமாக மண் போட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். ஒன்றரை மாதத்தில் கிள்ள ஆரம்பிக்கலாம். கதிர் விட ஆரம்பித்தால் உடனே கிள்ளிவிடுங்கள், பூத்த செடியில் இலை சிறுத்துவிடும். மார்ச்சில் விதைத்தால் கத்திரிக்கு இலை தயார்.

கொத்தமல்லி. வாசனை இலையைவிடக் காம்பில் அதிகம். காம்பைப் பொடிப்பொடியாக நறுக்கினால் கடிக்கும்போது மொறுமொறுவென்று இருக்கும். பழத்தில் கொத்தமல்லியா என்று முகம் சுளிப்பவர்களை பீச் பக்கம் செகண்ட் லைனில் ஒரு பிளேட் அத்தோ சாப்பிட அனுப்புங்கள். பர்மாவிலிருந்து வந்தவர்கள் இங்கே கொண்டுவந்த நூடுல்ஸ் சாப்பாடு. புளிப்பு, காரம், கொத்தமல்லி எல்லாவற்றையும் போட்டு, கேட்ட பிறகு கண்ணெதிரே கையால் பிசைந்து தருவார்கள். முன்கூட்டியே கலந்து வைக்க மாட்டார்கள். இந்த சாலட்டுக்கு நான் பாடம் கற்றது அந்தக் கையைப் பார்த்துத்தான். கொத்தமல்லியில் சோப்பு வாசனை அடிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அது வீம்பு இல்லை, பிறவியிலேயே சிலருக்கு அப்படித்தான் தெரியும். அவர்களுக்குக் கொத்தமல்லி போடாமல் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

துளசி போடலாமா? நாலு இலைக்கு மேல் போட்டால் கஷாய வாசனை வந்துவிடும். கற்பூரவல்லி வேண்டாம், சளி மருந்து நினைவுதான் வரும். நாரத்தை இலையை இடித்துச் செய்கிற வேப்பிலைக்கட்டி சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு ஒரு ரகசியம்: நாரத்தைக் கொழுந்து ஒன்று, நடு நரம்பைக் கிழித்து எடுத்துவிட்டு, முடி மாதிரி மெல்லிசாக நறுக்கிச் சேர்த்தால் நுங்குக்கு அப்படிப் பொருந்தும்.

எதை எதோடு என்று கேட்டால்: தர்பூசணிக்குப் புதினா, மாம்பழத்துக்குத் திருநீற்றுப் பச்சிலை, வெள்ளரிக்குக் கொத்தமல்லி. மூன்றையும் ஒரே கிண்ணத்தில் போடும்போது புதினா முன்னால் நிற்க வேண்டும், மற்ற ரெண்டும் பின்னால்.

இலையைக் கழுவுவதும் வைப்பதும்

பச்சையாகச் சாப்பிடப் போகிறோம், அதனால் இங்கே சோம்பல் ஆகாது. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி இலையை முக்கி, கையால் அலசி, இலையை மேலே தூக்கி எடுங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் திரும்ப இலைமேலேயே வந்து உட்காரும். மண் வராத வரை தண்ணீர் மாற்றிச் செய்யுங்கள், எனக்கு எப்போதும் மூன்று தடவை ஆகும். கடைசித் தண்ணீர் குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும்.

பிறகு உலர்த்துவது. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து வைத்திருக்கிறேன். அதில் இலையைப் பரப்பி, இன்னொரு துண்டால் ஒற்றி, ஃபேனுக்குக் கீழே கால் மணி நேரம். ஈரம் இருக்கிற இலை பழத்தில் பட்டால் வழுக்கும், வாசனை மட்டுப்படும், சீக்கிரம் கறுக்கும். நியூஸ்பேப்பரில் சுற்றாதீர்கள், மை ஒட்டும்.

வைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. புதினாவும் கொத்தமல்லியும் துணியில் சுற்றி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாம். திருநீற்றுப் பச்சிலைக்குக் குளிர் ஆகவே ஆகாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் கறுத்துவிடும். பூ வைக்கிற மாதிரி டம்ளர் தண்ணீரில் காம்பை நிறுத்தி, வெயில் படாத சமையலறை மூலையில் வைத்துவிடுங்கள். செடி வீட்டிலேயே இருந்தால் இந்தத் தொல்லை கிடையாது, வேண்டும்போது கிள்ளிக்கொள்ளலாம்.

பழத்தைக் கழுவி வெட்டுவது

தோலைத்தான் எறியப் போகிறோமே என்று தர்பூசணியையும் கிர்ணியையும் கழுவாமல் வெட்டாதீர்கள். தோல்மேல் இருக்கிற அழுக்கைக் கத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போகும். கிர்ணித் தோல் சொரசொரப்பாக இருந்தால் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். இந்த ரெண்டிலும் புளிப்பு குறைவு. புளிப்புள்ள பழத்தைவிட இவற்றில் கிருமி சுலபமாக வளரும். கழுவியதும் துடைத்துவிடுங்கள். மீன் வெட்டின பலகையையும் கத்தியையும் இதற்கு எடுக்க வேண்டாம் என்று காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

துண்டு பெரிதாக இருக்கட்டும், ஒரு இஞ்ச் கட்டமாக. தர்பூசணி 100 கிராமில் 92 கிராம் தண்ணீர்தான். பொடிசாக வெட்ட வெட்ட, வெட்டு வாய் அதிகமாகும், அத்தனை வாய் வழியாகவும் தண்ணீர் ஒழுகும். ஜூஸ் கடைக்காரர் பொடியாக வெட்டுவார், ஏனென்றால் ஐஸ்கிரீம் அதை மூடிக்கொள்ளும். நமக்கு அந்தப் போர்வை இல்லை.

வெட்டின தர்பூசணியையும் கிர்ணியையும் ஓட்டைத் தட்டில் போட்டு, அடியில் கிண்ணம் வைத்து, ஃப்ரிட்ஜில் கால் மணி நேரம் விடுங்கள். ஆரம்பத்தில் வடிகிற தண்ணீர் கிண்ணத்தில் நின்றுவிடும். வெள்ளரியை நீளவாக்கில் பிளந்து, விதையைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு அரை நிலா மாதிரி நறுக்குங்கள். விதைச்சதைதான் அதில் அதிகம் கசியும். மாம்பழத்தைக் கன்னம் கன்னமாக அரிந்து, கட்டம் கீறி, கரண்டியால் தோண்டினால் போதும். நுங்கை நாலாகக் கீறினால் போதும். ஒவ்வொன்றும் தனித்தனி டப்பாவில். மாம்பழம் ஒன்றும் தர்பூசணி ஒன்றும் என்று கலந்து வைத்தால் ரெண்டுக்கும் ஒரே ருசி வந்துவிடும்.

சாறு

முதலில் சின்ன உரலில் 10 புதினா இலையையும் 1 தேக்கரண்டி சர்க்கரையையும் போட்டு நசுக்குங்கள். அரைக்க வேண்டாம். சர்க்கரைப் பரல் இலையைக் கீறி வாசனை எண்ணெயை வாங்கிக்கொள்ளும். பச்சைப் பசேலென்று ஈர மணல் மாதிரி ஆனதும் எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி ஊற்றிக் கலக்குங்கள். இப்போது தேன் அல்லது பனங்கற்கண்டு, இஞ்சிச் சாறு. ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது, அந்த வீட்டில் பனங்கற்கண்டே போடுங்கள். பச்சை மிளகாயை நீளமாகக் கீறி உள்ளே போட்டு பத்து நிமிஷம் விட்டு எடுத்துவிடுங்கள். காரம் தெரியக் கூடாது, எலுமிச்சைக்குப் பின்னால் ஒரு சூடு மட்டும் இருக்க வேண்டும். வடிகட்டி, சீரகமும் மிளகும் தூவி மூடி வையுங்கள். எலுமிச்சை இருப்பதால் அலுமினியப் பாத்திரம் வேண்டாம். எவர்சில்வரோ கண்ணாடியோ போதும்.

உப்பு இதில் சேர்க்கவில்லை, கவனியுங்கள். உப்பும் சர்க்கரையும் பழத்துக்குள் இருக்கிற தண்ணீரை வெளியே இழுக்கிறவை. ஊறுகாய் போடும்போது அந்த வேலை நமக்கு வேண்டும், இங்கே வேண்டாம்.

சவுகார்பேட்டையிலிருந்து நல்ல சாட் மசாலா வாங்கி வைத்திருப்பீர்கள், கை துறுதுறுக்கும். போட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அப்புறம் அது சாட். முப்பது இலை கிள்ளினது வீண். கிளிமூக்கு மாங்காய் கிடைத்தால் ஒரு துண்டைப் பொடியாக நறுக்கிப் போட்டு எலுமிச்சையைப் பாதியாகக் குறைப்பது எனக்குப் பிடித்த மாற்றம்.

கலக்குவது, மணி பார்த்து

மாலை நாலரைக்கு, கடல் காற்று கொஞ்சம் இறங்கின பிறகு மாடியில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நாள் ராத்திரியே தர்பூசணியும் கிர்ணியும் கழுவித் துடைத்து முழுசாக ஃப்ரிட்ஜுக்குள். முழுப் பழமாகக் குளிர்ந்தால் வெட்டும்போதே ஜில்லென்று இருக்கும், ஐஸ் தேவைப்படாது. காலையில் எப்போதாவது இலை கழுவி உலர்த்தல். மூன்றரைக்குப் பழம் வெட்டல், வடிய விடல். நாலு மணிக்குச் சாறு. சப்ஜா போடுவதாக இருந்தால் அப்போதே அரை டம்ளர் தண்ணீரில் ஊற வைத்து, கால் மணி கழித்து வடிகட்டியில் கொட்டிவிடுங்கள், வழுவழுப்பு மட்டும் தங்கட்டும்.

நாலு இருபதுக்குப் பழங்களை வெளியே எடுங்கள். ரொம்பக் குளிர்ந்த பழத்தில் நாக்குக்கு இனிப்பு தெரியாது. பத்து நிமிஷம் வெளியே இருந்தால் குளிர்ச்சியும் இருக்கும், இனிப்பும் திரும்பும்.

நாலரை. எல்லோரும் வந்து உட்கார்ந்தாயிற்றா என்று பாருங்கள். வருகிறேன் என்று போனில் சொல்வது கணக்கில் வராது. அகலமான பாத்திரத்தில் முதலில் மாம்பழமும் வெள்ளரியும் போட்டுச் சாற்றில் பாதியை ஊற்றிப் புரட்டுங்கள். இவை ரெண்டும் சாறு தாங்கும். அதன்மேல் கிர்ணி, நுங்கு. தர்பூசணி கடைசியில். மீதிச் சாறு. கரண்டி வேண்டாம், கழுவின கையால் அடியிலிருந்து மேலே மூன்று தடவை தூக்கிப் போடுங்கள், அவ்வளவுதான். புதினாவையும் பச்சிலையையும் இப்போதுதான் கையால் கிழித்துத் தூவ வேண்டும். மொண்ணைக் கத்தியால் நறுக்கினால் இலை நசுங்கி, வெட்டின ஓரம் கறுக்கும். கொத்தமல்லிக் காம்பு, மாதுளை, சப்ஜா. பிரஷர் உள்ளவர்களுக்கு இப்போதே எடுத்து வைத்துவிட்டு, மற்றதில் உயரத்திலிருந்து உப்பு ரெண்டு கிள்ளு.

ஐந்து நிமிஷத்துக்குள் கிண்ணம் எல்லோர் கைக்கும் போய்விட வேண்டும்.

கேள்விகள் வரும்

ஃப்ரிட்ஜ் இல்லையென்றால்? மண்பானைத் தண்ணீரில் முழுப் பழத்தைப் போட்டு வைக்கலாம். ஆனால் நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், பானை மதுரையில் குளிர்கிற அளவுக்கு இங்கே குளிராது. அதனால் குறைவாகச் செய்து உடனே சாப்பிடுங்கள். ஐஸ் வாங்கி வரலாமே என்று மீனுக்கு உடைக்கிற பார் ஐஸைக் கொண்டுவந்துவிடாதீர்கள். அது குடிக்கிற தண்ணீரில் செய்ததாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. குடிதண்ணீரை டப்பாவில் உறைய வைத்து, பாத்திரத்துக்கு வெளியே சுற்றி அடுக்குங்கள். ஐஸ் உள்ளே போகக் கூடாது.

ஆபீசுக்கு எடுத்துப் போகலாமா? ஐஸ் கட்டியோடு பையில் வைத்தால் பழம் ஒரு டப்பா, சாறு ஒரு குட்டி பாட்டில், இலை துணியில். அங்கே கலந்துகொள்ளுங்கள். ஐஸ் இல்லாமல் என்றால் வேண்டாம். வெட்டின பழம் சாதாரணமாக வெளியே 2 மணி நேரம் தாங்கும், 32 டிகிரிக்கு மேல் போனால் 1 மணி நேரம்தான். மே மாசத்தில் வடசென்னையில் 32 டிகிரி என்பது பகல் முழுக்க.

சர்க்கரை உள்ளவர்களுக்கு? தேனை விட்டுவிட்டு, வெள்ளரியையும் நுங்கையும் கூட்டி, மாம்பழத்தைப் பேருக்குப் போட்டு, சின்னக் கிண்ணமாகக் கொடுங்கள்.

மிஞ்சினால்? மிஞ்சக் கூடாது. மிஞ்சிவிட்டால் அதை மறுநாள் சாலட் என்று வைக்காதீர்கள். அன்று ராத்திரியே மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, வடிகட்டிக் குடித்துவிடுங்கள். என்ன செய்தாலும் கடைசியில் பாத்திரத்தின் அடியில் ஒரு கால் டம்ளர் சாறு தேங்கத்தான் செய்யும். புதினாவும் மாம்பழமும் எலுமிச்சையும் இறங்கிய அந்தச் சாற்றில் பன்னீர் சோடா பாதி பாட்டில் ஊற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது பெரியம்மாவுக்கு என்று எழுதி வைத்த மாதிரி. இப்போதெல்லாம் மாடி ஏறும்போதே கையில் டம்ளரோடு வருகிறார்.